நீரும் மேடும்: கொழும்பின் ஈரநிலங்களில் ஐந்து நாட்கள்

முதலாம் நாள்: வெள்ளவத்தை

வவுனியாவிலிருந்து வந்த இரவு பஸ் அதிகாலை நான்கரை மணிக்கு என்னைக் காலி வீதியில் இறக்கிவிட்டது. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் மரக்கறி லொறிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சின்னம்மா எனக்காக விழித்திருந்தார். தேநீரைக் கையில் தந்துவிட்டு, "தம்பி, சதுப்பைப் பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனீ? உங்கட பக்கம் இல்லாத தண்ணியோ?" என்று கேட்டார். அவருக்கு ஒழுங்கான பதில் சொல்லவேண்டும் என்பதற்காகவும் இந்தக் குறிப்புகளை நாளுக்கு நாள் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க்குளம் ஒரு சிறுகுளம். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் குளங்களை அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். அவற்றின் அன்றாடப் பராமரிப்பு ஊர்க் கமக்காரர் அமைப்பின் பொறுப்பு. இரண்டு வருடங்களுக்கு முன், கிடைத்த சிறிய நிதியை முடிக்கவேண்டிய அவசரத்தில், குளத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தை இறக்கினோம். ஆழம் குறைந்த நீரில் அடர்ந்து நின்ற சம்பும் கோரையும் ஒரே வாரத்தில் வேரோடு போயின. குளம் பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக, நீர் வந்துசேரும் பக்கத்து அலைகரையில் நின்ற பற்றைகளையும் புல்லையும் வழித்தெடுத்தோம். அடுத்த மாரியில் மேட்டுக்காணியிலிருந்து வந்த வெள்ளம் செம்மண்ணைத் தடையின்றிக் குளத்துக்குள் கொண்டுவந்து கொட்டியது. நாங்கள் வெட்டி எடுத்த வண்டலின் இடத்தில் புது வண்டல் படிந்தது. வருடந்தோறும் கூட்டமாக வந்திறங்கும் சீழ்க்கைச் சிறகிகள் என்ற வாத்துகள் அந்த வருடம் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. அந்தத் தீர்மானத்தில் செயலாளராக ஒப்பமிட்டவன் நான். அடுத்த வேலை தொடங்குமுன், நெருக்கடியான ஒரு நகரத்துக்குள் ஈரநிலங்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன்.

கொழும்பு 2018 ஒக்ரோபரில் டுபாயில் நடந்த, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் மாநாட்டில் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த முதல் சுற்றில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 18 நகரங்களுக்கு அந்தத் தகுதி கிடைத்தது. வங்காலை, ஆனைவிழுந்தான் போன்றவை ராம்சர் தலங்கள். கொழும்புக்குக் கிடைத்தது நகரத்துக்கான அங்கீகாரம். நகரையும் அதன் அயலையும் சேர்த்து ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் ஈரநிலம் இங்கே எஞ்சியிருக்கிறது.

மாலையில் சின்னம்மா வீட்டிலிருந்து நடந்து கால்வாய்க் கரைக்குப் போனேன். வெள்ளவத்தையில் வாழ்பவர்களுக்கு இது நாற்றம் வரும்போது மட்டும் நினைவுக்கு வரும் கால்வாய். ஆனால் தியவன்னா, கோட்டே, கொலன்னாவப் பக்கத்துச் சதுப்புகளில் தேங்கும் மழைநீர் கடலுக்குப் போகும் வழிகளில் இதுவும் ஒன்று. தெஹிவளைக் கால்வாய் இன்னொன்று. வடக்கே களனி கங்கைக்கும் வழி உண்டு. எனினும் கங்கை பெருகி நகரத்து நீர்மட்டத்தைவிட உயர்ந்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கதவுகளை மூடிவிட வேண்டியிருக்கும். அந்நேரம் நகருக்குள் பெய்யும் மழை முழுவதும், கடல்வாய்களால் வடியும்வரை, சதுப்பில்தான் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 2,300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஊர் இது. வன்னிக்காரன் கண்ணுக்கு இது குளக்கட்டு இல்லாத ஒரு பெரிய குளமாகவும், இந்தக் கால்வாய்கள் அதன் நீரைத் திறந்துவிடும் துருசுகளாகவும் தெரிகின்றன. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்ற வளவே நீரில் மூழ்கியது. குளத்தின் கொள்ளளவை மண்போட்டுக் குறைத்துவிட்டு, மேலதிக நீர் வான் வழியே பாய்கிறதே என்று முறையிட முடியாது.

கால்வாயின் கல்லணையில் ஒரு கபரகொய்யா, நீரோரத்துப் பெரிய உடும்பு, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நாளை பெத்தகான.

இரண்டாம் நாள்: பெத்தகான

கோட்டேக்கு ஓட்டோவில் போகும்போது, இந்தச் சதுப்பு எங்கள் வரலாற்றோடு தொடர்புடையது என்ற எண்ணம் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் இந்த இடத்தில் கோட்டையைக் கட்டியது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் படையைத் தடுப்பதற்காக. மதிலையும் அகழியையும் அவர் அமைத்தார். மூன்று பக்கமும் காவல் நின்றது சேறு. 1565இல் போர்த்துக்கேயர் கோட்டேயைக் கைவிட்டுக் கொழும்புக்குப் போனபின் நகரம் அழிந்தது, சதுப்பு நிலைத்தது. பெத்தகான ஈரநிலப் பூங்கா அந்தப் பழைய கோட்டைப் பகுதியை ஒட்டி, ஸ்ரீ ஜயவர்தனபுர சரணாலயத்துக்குள், 18 ஹெக்டேயர் பரப்பில் கிடக்கிறது.

ஏழு மணிக்கு உள்ளே நுழைந்தேன். பலகைப் பாதையின் முதல் வளைவில் நீலத் தாழைக்கோழி ஒன்று சம்பின் அடித்தண்டை ஒரு காலால் பிடித்து, உரித்து, வெண்மையான உட்பகுதியைத் தின்றுகொண்டிருந்தது. சற்று உள்ளே செந்நாரை. தண்டோடு தண்டாக நின்றதால் அது கழுத்தை அசைத்த பின்னரே கண்டேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். எங்கள் குளத்தில் நாங்கள் குப்பை என்று பிடுங்கியது, இந்த இரண்டு பறவைகளுக்கும் ஒன்றுக்குச் சோறு, மற்றதற்குச் சுவர்.

ஆனால் சம்பை அதன் போக்கில் விட்டுவிடுவதும் பராமரிப்பு ஆகாது. விட்டால் அது திறந்த நீரையெல்லாம் மூடிவிடும். மூடிய இடத்தில் சிறகியும் இறங்காது, நீர்க்காகமும் முக்குளிக்காது. தொடை அளவு நீரில் நின்று சம்பு வெட்டிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளர்களைப் பலகைப் பாதையிலிருந்து பார்த்தேன். அரைகுறைச் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தேன். மூத்தவர் தனது கத்தியை நீருக்குள் விட்டு, தண்டை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வெட்டிக் காட்டினார். நீருக்கு மேலே வெட்டினால் இரண்டு வாரத்தில் திரும்பி வரும், கீழே வெட்டினால் கிழங்கு மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்றார். அவர் சொன்னதன் காரணம் எனக்குத் தெரியும்: சம்பின் தண்டுக்குள் காற்றுக் குழல்கள் உண்டு, காய்ந்துபோன தண்டு நீருக்கு மேல் நின்றால்கூடச் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குக் காற்று போய்க்கொண்டிருக்கும். காரணம் எனக்குத் தெரிந்திருந்தது, கத்தியை எங்கே விடவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் இயந்திரம் கிழங்கோடு சேற்றையும், சேற்றோடு நத்தையையும் விதையையும் அள்ளிப்போனது.

அவர்கள் ஒரே சீராக வெட்டவில்லை. ஓர் இடத்தில் அறை போலத் திறந்துவிட்டு, அடுத்த பத்தடியை அப்படியே விட்டு, அதற்கப்பால் ஒரு வாய்க்கால் போல வெட்டிக்கொண்டு போனார்கள். திறந்த நீருக்கும் சம்புக்கும் இடையிலான விளிம்பு எவ்வளவு நீளமாக, வளைந்து வளைந்து இருக்கிறதோ அவ்வளவுக்கு அங்கே உயிர் அதிகம். கூட்டைச் சம்புக்குள் வைத்து, குஞ்சைத் திறந்த நீருக்குக் கூட்டிவரும் பறவைக்கு அந்த விளிம்பே வீட்டு வாசல்.

இந்தப் பூங்காவில் நான் அதிகநேரம் நின்றது நீர்ப்பகுதியில் அல்ல என்பதைச் சொல்லவேண்டும். வாசலுக்கும் பலகைப் பாதைக்கும் நடுவில் ஒரு மேட்டுத்துண்டு இருக்கிறது: மரங்கள், புல், உதிர்ந்த இலை, ஒரு கறையான் புற்று. பார்க்க வருபவர்கள் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் நேற்று நான் கண்ட கபரகொய்யா முட்டையிடுவது புற்றிலும் கரை மண்ணிலும்தான். பாலாமை நீரை விட்டு ஏறி வந்து உலர்ந்த மண்ணைத் தோண்டி முட்டை வைக்கும். மீன்பிடிப் பூனை, இந்த நகரத்தின் சதுப்புகளில் இன்றும் உலாவும் அந்த அரிய விலங்கு, இரவில் நீரோரம் வேட்டையாடிவிட்டுப் பகலில் அடர்ந்த பற்றைக்குள் படுத்துக்கொள்ளும். கொழும்பில் ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, இப்பூனைகள் கால்வாய்களையும் வீட்டு மதில்களையும் வழியாகக் கொண்டு நடமாடுவது தெரியவந்தது. நீரை மட்டும் அளந்து வேலி போட்டால், நீரில் வாழ்பவற்றின் தொட்டிலையும் படுக்கையையும் வேலிக்கு வெளியே விட்டவர்கள் ஆவோம்.

சின்னம்மாவிடம் இரவு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அந்தப் பூனை எங்கட கால்வாயாலயும் வருமோ?" என்று கேட்டார். வரலாம் என்றேன். முதல்முறையாக அவர் யன்னலைத் திறந்து கால்வாய்ப் பக்கம் பார்த்தார்.

மூன்றாம் நாள்: பெல்லன்வில, அத்திடிய

தெஹிவளையில் வசிக்கும் பள்ளி நண்பன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனான். பெல்லன்வில–அத்திடிய சரணாலயம் 1990இல் அறிவிக்கப்பட்டது, 372 ஹெக்டேயர். வெரஸ் கங்கையோடும் பொல்கொட வாவியோடும் தொடர்புபட்ட பழைய வெள்ளச் சமவெளி. எண்ணிக்கையைப் படித்துவிட்டு வருபவர்கள் அகன்ற நீர்ப்பரப்பை எதிர்பார்ப்பார்கள். நான் கண்டது வீடுகள், மதில்கள், மண் கொட்டி உயர்த்திய காணிகள், அவற்றின் நடுவே பச்சை.

சரணாலயம் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று விளங்கிக்கொள்ள வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், தேசியப் பூங்கா அரச நிலத்தில் மட்டுமே அமையும். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம். உரித்து உடையவர் வாழலாம், பயிர் செய்யலாம். அது நியாயமான ஏற்பாடுதான். மனிதரை வெளியேற்றாமல் இயற்கையைக் காக்கும் வழி. ஆனால் காணிக்காரர் பயிர்செய்யும்வரைதான் அது வேலை செய்யும்.

நண்பனுக்குத் தெரிந்த ஒரு முதியவர் வீட்டுத் திண்ணையில் எங்களை இருத்தினார். எதிரே தெரிந்த அடர்ந்த மரக்காட்டைக் காட்டி, அது தன் தகப்பனாரின் வயல் என்றார். வடிகால் சரியாக இல்லை, நீர் கெட்டுப்போனது, கூலி கட்டவில்லை, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். கடைசி விதைப்பு எப்போது என்பது அவருக்கே சரியாக நினைவில்லை. வயலைக் கைவிட்டதும் முதலில் புல் வந்தது, பிறகு கோரையும் சம்பும், பிறகு இந்த மரம்.

இந்த மரத்தைச் சிங்களத்தில் வெல் ஆத்தா என்கிறார்கள். தாவரவியலில் அனோனா கிளாப்ரா. எங்கள் வளவில் நிற்கும் அன்னமுன்னாவின் உறவு. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. நீரில் நிற்கக்கூடிய வேர் என்பதால் ஒட்டுக்கன்றுக்கு அடிக்கட்டையாகப் பயன்படுத்தப்பட்டது. பழம் நீரில் மிதந்து போகும், விதை சேற்றில் ஒதுங்கி முளைக்கும். புளோரிடாவில் அது தன் சொந்தச் சதுப்பில் அளவோடு நிற்கும் மரம். அவுஸ்திரேலியாவின் வடகிழக்கில் அரசே அஞ்சும் களை. கொழும்பின் கைவிட்ட வயல்களில் பெரும்பகுதியை இன்று அதுவே மூடியிருக்கிறது.

அப்படியானால் வெட்டிவிடுவதுதானே என்று நண்பன் கேட்டான். நானும் முன்பு அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நாங்கள் நின்ற இடத்திலிருந்தே அந்த மரங்களின் உச்சியில் கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைவதைக் கண்டோம். நாட்டுச் சதுப்பு மரங்கள் போனபின் இந்த நகரத்துப் பறவைகளுக்கு நீரின் நடுவே கூடுகட்டக் கிடைத்த கிளை பெரும்பாலும் இதுதான். ஒரேயடியாக வெட்டினால் ஒரு களையோடு ஒரு பறவைக் குடியிருப்பும் போகும். எனக்குச் சரியாகப் படும் வழி மெதுவானது: கூடு இல்லாத விளிம்பிலிருந்து துண்டு துண்டாக அகற்றி, அகற்றிய இடத்தில் புல்லும் திறந்த நீரும் திரும்பவிட்டு, கரையில் இந்த மண்ணுக்குரிய மரங்களை நட்டு, அவை உயர்ந்தபின் அடுத்த துண்டுக்குப் போவது. பத்து, பதினைந்து வருட வேலை. நிதி ஆண்டு டிசம்பரில் முடிகிறது என்பதற்காக இதை டிசம்பருக்குள் முடிக்க முடியாது.

முதியவர் சொன்ன இன்னொன்று என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. வயல் இருந்த காலத்தில், உழுது சேறாக்கிய நாட்களில் உள்ளான்கள் கூட்டமாக வரும், நெல் வளர்ந்து நீர் நின்றபோது கானாங்கோழிகள் வரும், அறுத்தபின் கொக்கும் நாரையும் வரும் என்றார். அமெரிக்காவின் வனவிலங்குப் புகலிடங்களில் கதவுகளைத் திறந்து நீரை வற்றவைத்து, வெளித்த சேற்றில் விதைதரும் புற்கள் முளைத்து முற்றியதும், வலசைப் பறவைகள் வரும் காலத்தில் மெல்ல நீரை ஏற்றுகிறார்கள். சிறிய உள்ளானுக்கு விரலளவு நீர் போதும், சிறகிக்கு ஒரு சாண், நாரைக்கு முழங்கால் அளவு; ஒரே மட்டத்தில் நிற்கும் நீர் ஒரு கூட்டத்தாருக்கு மட்டுமே பந்தி வைக்கும். அங்கே சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் அதே வேலையை, இங்கே ஒரு கமக்காரன் தன் சோற்றுக்காக உழுது, நீர்கட்டி, வடித்துச் செய்துகொண்டிருந்தான். அவன் விலகியதும் அந்த வேலையும் நின்றுவிட்டது. சரணாலயம் என்று அறிவித்தவர்கள் காணியைக் காத்தார்கள். அதில் வருடந்தோறும் நடந்த வேலையைக் காக்க யாரும் இருக்கவில்லை.

திரும்பும் வழியில் வாய்க்கால் முழுவதும் ஆகாயத் தாமரை. அதைத் தடைசெய்து 1909இலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது, தாமரை இன்னும் இருக்கிறது. சல்வீனியாவின் கதை சற்று வேறு: 1939இல் ஆய்வுக்கென்று கொழும்புக்கு வந்து நாடெங்கும் பரவிய அந்த மிதக்கும் பன்னத்தை, 1980களின் நடுப்பகுதியில் கொண்டுவந்து விடப்பட்ட, சில மில்லிமீற்றரே நீளமான ஒரு வண்டு பல குளங்களில் அடக்கியது. எங்கள் குளத்திலும் சிறுவயதில் அந்தப் பச்சைப் போர்வையைக் கண்ட நினைவு எனக்கு உண்டு.

நான்காம் நாள்: தலங்கம

இன்றைய நாளைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தீராது. பத்தரமுல்லையைத் தாண்டி, வீட்டு மதில்களுக்கிடையே வளைந்து போன ஒழுங்கை ஒன்று திடீரென்று குளக்கட்டில் முடிந்தது. தலங்கமக் குளம் பழைய நீர்ப்பாசனக் குளம். இன்றும் கீழே வயல் இருக்கிறது, நாற்று பச்சையாக நின்றது. குளத்தையும் சுற்றுப்புறத்தையும் 2007இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவித்திருக்கிறார்கள். அல்லி இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி நடந்துகொண்டிருந்தது. கூழைக்கடாக்கள் பட்டுப்போன மரத்தில் வரிசையாக அமர்ந்திருந்தன. மறுகரையில், நிழலில், சீழ்க்கைச் சிறகிகள். எண்ணத் தொடங்கி நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். எங்கள் குளத்துக்கு வராமற்போன பறவையை இரைச்சலான ஒரு தலைநகரின் ஓரத்தில் பார்க்கும்போது நெஞ்சு கனத்தது.

ஏன் இங்கே நிற்கின்றன என்று கரையைச் சுற்றி நடந்து பார்த்தேன். குளக்கட்டின் எதிர்ப்பக்கம், நீர் ஆழம் குறைந்து சேறாகி, சேறு புல்லாகி, புல் பற்றையாகி, பற்றை மரமாகி, மரம் வீட்டுத் தோட்டமாக மாறுகிறது. எங்கே நீர் முடிந்தது, எங்கே மேடு தொடங்கியது என்று கால் சொல்லவில்லை. சீழ்க்கைச் சிறகி மரப்பொந்திலும் கூடு வைக்கும், கரையோரக் கோரைக்குள்ளும் வைக்கும். இரண்டும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இந்தப் படிமுறை பழையவர்களுக்குத் தெரிந்த ஒன்று. உலர்வலயத்துச் சிங்களக் கிராமங்களில் குளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் உண்டு. நீர் வந்துசேரும் மேல்பக்கத்தில், அலைகரையில் நிற்கும் மரவரிசை கஸ்கொம்மன. காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைக்கும், அதன் வேர்களுக்கிடையில் மீன் ஒதுங்கும். அதற்கு மேலே நீரை வடிகட்டும் புல்வெளி பெரஹன. மேட்டுக்காணியிலிருந்து வரும் வண்டல் அங்கே படிந்துவிடும். கட்டுக்குக் கீழே, வயலுக்கு மேலே, கட்டாகடுவ என்ற ஈரமான மரத்தோப்பு. கட்டினூடாகக் கசியும் நீரின் உப்பை அது தனக்குள் எடுத்துக்கொள்ளும். இந்தத் தொடர்குளக் கிராம முறைமையை ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் பெற்ற விவசாய மரபாக அங்கீகரித்தது. எங்கள் வன்னிக் குளங்களிலும் அலைகரையில் மருதமரமும் அதற்கப்பால் தரவை என்ற புல்வெளியும் இருந்தன. எங்களிடம் தனித்தனிப் பெயர்கள் குறைந்துபோனதாலோ என்னவோ, பெயரில்லாத நிலத்தை வெறுநிலம் என்று எண்ணி வழித்துவிட்டோம். நாங்கள் பெக்கோவால் துடைத்தது எங்கள் பெரஹனவை.

மதியம், குளத்துக்கு மேலே உள்ள ஒழுங்கையில், ஒரு பலாமரத்தின் கொப்பு ஆடுவதைக் கண்டு நின்றேன். ஊதாமுக மந்திகள் ஆறேழு. கறுத்த முகம், வெளிறிய தாடி, நீண்ட வால். இலங்கைக்கே உரியவை, அதிலும் இந்த மேற்குக்கரை இனம், மக்கள் நெருக்கமாக வாழும் இந்த ஈரவலயத் தாழ்நிலத்தை விட்டு வேறெங்கும் இல்லாதது. மிக மோசமான ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. இலைதான் பெரும்பாலும் உணவு; மரத்தை விட்டுத் தரைக்கு இறங்க விரும்பாத விலங்கு. காடு போய்விட்ட இந்தப் பக்கத்தில் அதன் காடு என்பது பலா, ஈரப்பலா, மா, ரம்புட்டான் நிற்கும் வீட்டு வளவுகளின் தொடர்ச்சிதான். ஒரு வளவுக்காரர் மரத்தை வெட்டி மாடிவீடு கட்டினால் பாதை அறுந்துவிடும். பிறகு மின்கம்பியால் தாவவேண்டும், அதில் அடிபட்டுச் சாகும்.

கேற்றடியில் நின்ற ஓர் அம்மா, தமிழ் பேசுபவர், என்னைக் கூப்பிட்டு நிழலில் இருக்கச் சொன்னார். முப்பது வருடமாக இதே வளவில் இருப்பதாகச் சொன்னார். ஓட்டை உடைக்கும், கொழுந்தையெல்லாம் தின்றுவிடும், ஒரு பலாக்காய் முழுதாகக் கிடைக்காது என்று குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னவர், "ஆனா தம்பி, அதுகளுக்கும் வேற வீடில்லையே" என்று முடித்தார். மகன் அந்தப் பலாவைத் தறித்துக் கார் நிறுத்த இடம் எடுக்கலாம் என்கிறாராம். தான் இருக்கும்வரை விடமாட்டேன் என்றார்.

இந்த இடத்தின் மேட்டுநிலப் பராமரிப்பு என்பது இப்படி நூற்றுக்கணக்கான வீட்டுக்காரர்களின் மனத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறது. பாதுகாப்புப் பிரதேசம் என்ற அறிவிப்பு மண்போட்டு நிரப்புவதைத் தடுக்கலாம். ஒரு வளவுப் பலாமரத்தை நிற்கவைக்க அந்த அம்மாவைப் போன்றவரும் வேண்டும். அவருக்கு உடைந்த ஓட்டின் விலையையாவது யாரேனும் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறேன். பொதுநன்மைக்கான செலவை ஒருவர் தலையில் மட்டும் வைப்பது சரியில்லை.

ஐந்தாம் நாள்: தியசரு, கொலன்னாவ

காலையில் தலவத்துகொடயில் தியசரு பூங்கா. ஏறத்தாழ 60 ஏக்கர். நீரின் நடுவே திட்டுகள், திட்டுகளில் மரம், மரத்தில் கூடுகள். மனிதர் கால்படாத திட்டு ஒன்று இருந்தால் பறவைகள் அதைத்தான் தெரிவுசெய்கின்றன என்பதை அங்கே கண்ணால் கண்டேன். அதைத் தவிர நேற்று எழுதியதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

பிற்பகலில் கொலன்னாவப் பக்கம் போனேன். சதுப்பின் ஓரத்துப் பாத்திகளில் கங்குன் கீரை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொழும்புச் சந்தைகளுக்குப் போகும் கீரை. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது இந்தப் பக்கத்து வீடுகளில் கூரைவரை நீர் நின்றது. இங்கிருந்து சற்றுத் தூரத்தில் மீதொட்டமுல்ல. முன்பு தாழ்ந்த ஈரநிலமாக இருந்த இடத்தில் நகரத்தின் குப்பையை வருடக்கணக்காகக் கொட்டி ஒரு மலையாக்கினார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், அது சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேற்றின் மேல் மேட்டை உருவாக்கினால் சேறு அதைத் தாங்காது. அந்த இடத்தில் நின்று படம் எடுக்க மனம் வரவில்லை.

சின்னம்மா வீட்டுக்கு வந்து, கொப்பியில் எங்கள் குளத்தின் வரைபடத்தைப் போட்டேன். துருசடியில் நிற்கும் வண்டலை மட்டும் எடுப்பது. தெற்குப் பக்கத்தில் மீண்டும் முளைத்திருக்கும் சம்பை இந்த வருடம் தொடாமல் விடுவது. அடர்த்தியானால் அடுத்த வருடம் கத்தியால், நீருக்குக் கீழே, அறை அறையாக வெட்டுவது. வானுக்கு எதிரே அலைகரையில் முப்பது அடி அகலத்துக்குக் கயிறு பிடித்து முளை அடித்து, அதற்குள் உழவும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம் என்று காணிக்காரர் மூவரிடமும் பேசுவது, மாடு மேயலாம். அதன் கீழ் ஓரத்தில் மருதங்கன்று. கட்டுக்குக் கீழே கசியும் இடத்தில் எஞ்சி நிற்கும் தோப்பை வயலுக்காக வெட்டக் கேட்டிருப்பவருக்கு மறுப்புச் சொல்வது. அவர் என் மச்சான் என்பதால் இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

இரவு ஏழு மணிக்கு அமைப்பின் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப பெக்கோக்காரனுக்கு என்ன சொல்ல? பத்து நாளுக்குப் பேசியாச்சே" என்றார். துருசடிக்கு இரண்டு நாள் போதும், மிச்சத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள் அண்ணை என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். அந்தச் சிறகிகளை எங்கே கண்டாய் என்று கேட்டார். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைப்போம், நீயே எழுந்து சொல்லு என்றார்.

பஸ் ஒன்பதரைக்கு. சின்னம்மா புட்டு கட்டிக்கொண்டிருக்கிறார்.